பாதி புதுப்பித்த வீடு: ஒயர், குழாய், மோட்டார் சோதனை

வெளியே புதுப் பெயின்ட். கீழ்த்தளத்தில் கூரைவரை டைல்ஸ் ஒட்டிய பாத்ரூம், கிரானைட் மேடை, மாடுலர் ஸ்விட்சுகள். மாடிக்கு ஏறினால் பழைய கறுப்பு ஸ்விட்ச், சிமென்ட் தரை, சுவரில் துருக்கோடு. கையில் பணம் இருந்தவரை வேலை நடந்திருக்கிறது, பிறகு நின்றுவிட்டது. சென்னையிலும் மதுரையிலும் கோவையிலும் நாற்பது வயதைத் தாண்டிய தனி வீடுகள் பல இந்த நிலையில்தான் கைமாறுகின்றன. அப்படி ஒரு வீட்டை வாங்கப் போகிறவருக்கும், லீசுக்கு எடுக்கிறவருக்கும், அப்பா விட்டுச்சென்ற பாதி வேலையை முடிக்க நினைக்கிறவருக்கும் இந்த அத்தியாயம்.

முழுக்கப் பழைய வீடு என்றால் எல்லாவற்றையும் சந்தேகப்படுவோம். புது வீடு என்றால் கேள்வி கேட்கக் கட்டியவர் இருக்கிறார். பாதி புதுப்பித்த வீட்டில் கண் புதுசைப் பார்த்து நிம்மதி அடைந்துவிடுகிறது, அங்கேதான் ஏமாறுகிறோம். நான் பார்த்த வரையில் கோளாறு பெரும்பாலும் பழசும் புதுசும் சேரும் இடத்தில் இருக்கிறது. அதை இந்த அத்தியாயம் முழுக்க ‘ஒட்டு’ என்று சொல்கிறேன். புது செம்பு ஒயர் பழைய அலுமினிய ஒயரோடு முறுக்கப்பட்ட இடம் ஓர் ஒட்டு. சி.பி.வி.சி. குழாய் பழைய ஜி.ஐ. குழாயில் திருகப்பட்ட இடம் ஓர் ஒட்டு. புது கமோடின் கழிவு, மண்ணுக்குள் இருக்கும் பழைய ஸ்டோன்வேர் குழாயில் இறங்கும் இடமும் ஒட்டுதான். உங்கள் வேலை இந்த ஒட்டுகளை ஒவ்வொன்றாகக் கண்டுபிடிப்பது.

போகும் முன் எடுத்துக்கொள்ள வேண்டியவை

நல்ல டார்ச், ரப்பர் அடி வைத்த செருப்பு அல்லது ஷூ, டெஸ்டர், பிளக்கில் செருகும் மூன்று விளக்கு சாக்கெட் டெஸ்டர், மல்டிமீட்டர், 10 லிட்டர் பக்கெட், சாக்பீஸ், ஒரு பாட்டில் சொட்டு நீலம், பழைய துணி, ஒரு நோட்டு. நோட்டில் மூன்று பத்தி போடுங்கள்: பழசு, புதுசு, தெரியவில்லை. மூன்றாவது பத்திதான் முக்கியம். ‘தெரியவில்லை’ என்று எழுதியதெல்லாம், தெரியும்வரை பழசு என்றே கணக்கு.

வீட்டுக்காரரிடம் நான்கு கேள்விகள் கேளுங்கள்.

1. எந்த வருஷம் வேலை நடந்தது? எந்த இடத்தில் நின்றது?
2. ஒயரிங்கும் குழாயும் முழுக்க மாற்றினீர்களா, அந்த அறைக்கு மட்டுமா?
3. பூசும் முன், டைல்ஸ் ஒட்டும் முன் எடுத்த போட்டோ இருக்கிறதா?
4. வேலை செய்த எலெக்ட்ரீஷியன், பிளம்பரோடு ஐந்து நிமிஷம் பேச முடியுமா?

‘எல்லாம் மாத்தியாச்சு சார்’ என்ற பதிலை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், நம்ப வேண்டாம். மூன்றாவது கேள்விக்குப் படம் வந்தால் உங்கள் வேலை பாதி முடிந்தது.

முதலில் மின்சாரம்

பாதுகாப்பு விதி மூன்று. ஈரக் கையோடு எதையும் தொடாதீர்கள். டி.பி. பாக்ஸின் உள்மூடியையும் ஸ்விட்ச் போர்டையும் நீங்களே கழற்றாதீர்கள். வயர்மேன் உரிமம் உள்ள எலெக்ட்ரீஷியன் கழற்ற, நீங்கள் ஓரடி தள்ளி நின்று பாருங்கள். மூன்றாவதைப் பலர் மறக்கிறார்கள்: வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் மெயினை அணைத்தாலும் இன்வெர்ட்டர் லைனில் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும். மெயினோடு இன்வெர்ட்டரையும் அணைத்து, டெஸ்டரால் பார்த்த பிறகே போர்டில் கை வைக்க வேண்டும்.

1. மீட்டரிலிருந்து நடந்து வாருங்கள். இ.பி. மீட்டர், மெயின் ஸ்விட்ச், டி.பி. பாக்ஸ் என்று ஒயர் போகும் வழியே நடங்கள். உள்ளே புது எம்.சி.பி. வரிசை இருக்கும். மீட்டருக்கும் அதற்கும் நடுவில் இருக்கும் ஒயரை யாரும் மாற்றியிருக்க மாட்டார்கள், ஏனென்றால் அது கண்ணில் படாது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 2 கிலோவாட் கீசர் சுமார் 9 ஆம்பியர் இழுக்கும், ஒன்றரை டன் ஏ.சி. 8, இண்டக்‌ஷன் அடுப்பு 9, 1 எச்.பி. மோட்டார் 7. காலை ஏழு மணிக்கு நாலும் ஓடினால் 33 ஆம்பியர். நாலு விளக்கு, மூன்று ஃபேன், ஒரு ரேடியோவுக்காக அன்று இழுத்த ஒயர் வழியே இவ்வளவும் வர வேண்டும்.

2. ஒயரின் கனத்தைக் கேளுங்கள். பழைய எலெக்ட்ரீஷியன்கள் 3/20, 7/20 என்று சொல்வார்கள். 20-ஆம் நம்பர் கம்பி மூன்று சேர்ந்தது 3/20, சுமார் 2 சதுர மில்லிமீட்டர். 7/20 என்றால் சுமார் நாலரை. இப்போது கடையில் ‘ஒன்றரை ஸ்கொயர், ரெண்டரை ஸ்கொயர், நாலு ஸ்கொயர்’ என்று கேட்கிறோம். வீட்டில் பொதுவான நடைமுறை இது: விளக்கு, ஃபேனுக்கு 1.5 சதுர மி.மீ. ஒயர், அதற்கு 6 அல்லது 10 ஆம்பியர் எம்.சி.பி.; பவர் பிளக்குக்கு 2.5, அதற்கு 16, ஏ.சி., கீசருக்கு 4, அதற்கு 20 அல்லது 25. எம்.சி.பி.யின் முகப்பில் எண் அச்சிட்டிருக்கும், படித்து எழுதிக்கொள்ளுங்கள்.

நான் அடிக்கடி பார்த்த தவறு இங்கே இருக்கிறது. 16 ஆம்பியர் எம்.சி.பி. அடிக்கடி விழுகிறது என்று வீட்டுக்காரர் புகார் சொல்ல, 32 போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். எம்.சி.பி. விழாது, ஒயர் வேகும். மெல்லிய ஒயருக்குப் பெரிய எம்.சி.பி. இருந்தால் அந்த லைனுக்குச் சிவப்பு மையில் குறி போடுங்கள்.

3. ஒட்டைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஒரு வீட்டில் புதிய சமையலறைக்குப் போகும் லைனைத் தேடினோம். ஹாலில் லாஃப்டுக்குக் கீழே, பெயின்ட் அடித்து மறைத்த ஒரு வட்ட ஜங்ஷன் பாக்ஸ். எலெக்ட்ரீஷியன் கத்தி நுனியால் பெயின்டைக் கீறி மூடியைத் திறந்தார். உள்ளே பளிச்சென்ற சிவப்பு செம்பு ஒயர், வெளுத்துப்போன அலுமினிய ஒயரோடு கையால் முறுக்கி டேப் சுற்றியிருந்தது. டேப் இளகி, ஓரம் கருகி, பாக்ஸின் பிளாஸ்டிக் பழுப்பாகியிருந்தது. விரல் பட்டதும் அலுமினியம் ஒடிந்து கீழே விழுந்தது. சமையலறையில் செய்த வேலை முழுக்க ஒழுங்கு, அங்கே எந்தக் குறையும் சொல்ல முடியாது. அது தொங்கிக்கொண்டிருந்தது இந்த இரண்டு இஞ்ச் முறுக்கில்.

அலுமினியமும் செம்பும் நேராகத் தொட்டால் அந்த இடம் அரிக்கும். அலுமினியத்தின் மேல் மின்சாரம் கடத்தாத ஆக்சைடு படியும். சூட்டில் விரிந்து சுருங்கி முறுக்கு தளரும். தளர்ந்தால் இன்னும் சுடும். இப்படி ஒன்று கிடைத்தால் அந்த லைனை மீட்டரிலிருந்து புதிதாக இழுப்பதே சரி. டேப்பை மாற்றிச் சுற்றுவது வைத்தியம் ஆகாது.

4. ஆர்.சி.சி.பி. உயிரோடு இருக்கிறதா? ஆள் மீது மின்சாரம் பாய்ந்தால் நொடிக்குள் துண்டிப்பது இதுதான். வீடுகளுக்கு 30 மில்லி ஆம்பியர் உணர்திறன் உள்ளது வேண்டும். முகப்பில் ‘டி’ என்ற ஆங்கில எழுத்தோடு ஒரு பொத்தான் இருக்கும். அழுத்தினால் பட்டென்று விழ வேண்டும். விழவில்லை என்றால் ஒன்று அது கெட்டுவிட்டது, இல்லையென்றால் அதற்கு மின்சாரமே வரவில்லை.

பாதி வீட்டில் இதற்கு ஒரு தனிக் கதை உண்டு. பழைய லைன்களில் எங்காவது நியூட்ரலும் எர்த்தும் ஒட்டியிருக்கும், அல்லது ஈரச் சுவரில் கசிவு இருக்கும். புது ஆர்.சி.சி.பி. அதைக் கண்டுபிடித்து விழுந்துகொண்டே இருக்கும். கோளாறைத் தேடாமல், பழைய மாடி லைனை ஆர்.சி.சி.பி.யைத் தாண்டி ‘டைரக்ட்’ கொடுத்துவிடுவார்கள். பொத்தானை அழுத்தி அது விழுந்த நிலையில் வீடு முழுக்க நடந்து எல்லா ஸ்விட்சையும் போட்டுப் பாருங்கள். இன்வெர்ட்டரும் அணைந்திருக்கும்போது எந்த விளக்காவது எரிந்தால் அந்த லைனுக்குப் பாதுகாப்பு இல்லை. ஐந்து நிமிஷ வேலை. இந்த அத்தியாயத்தில் ஒன்றே ஒன்றுதான் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள்.

5. எர்த் உண்மையா, அலங்காரமா? பழைய இரண்டு துளை பிளக்கைக் கழற்றிவிட்டு மூன்று துளை மாடுலர் பிளேட் போட்டிருப்பார்கள். பின்னால் பச்சை ஒயரே வந்திருக்காது. சாக்கெட் டெஸ்டரைச் செருகினால் எர்த் இல்லை என்று விளக்கு காட்டிவிடும்.

ஆனால் டெஸ்டரையும் ஏமாற்ற முடியும். பிளக்குக்குள்ளேயே நியூட்ரலிலிருந்து எர்த் துளைக்கு ஒரு துண்டு ஒயர் போட்டிருந்தால் டெஸ்டர் ‘எல்லாம் சரி’ என்று சொல்லும். நியூட்ரல் எங்காவது அறுந்தால் அந்தத் துண்டு வழியாக ஃபிரிட்ஜின் உடம்பில் 230 வோல்ட் ஏறும். இதைப் பிடிக்க மல்டிமீட்டர் வேண்டும். பக்கத்துத் துளையில் இஸ்திரிப் பெட்டியையோ கெட்டிலையோ ஓடவிட்டு அளக்கச் சொல்லுங்கள். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் சுமார் 230, ஃபேஸுக்கும் எர்த்துக்கும் கிட்டத்தட்ட அதே அளவு, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் ஓரிரண்டு வோல்ட் இருப்பது இயல்பு. லோடு ஓடும்போதும் கடைசி அளவு அசையாமல் பூஜ்யம் காட்டினால் அந்த பிளக்கைக் கழற்றிப் பார்த்தே ஆக வேண்டும்.

பிறகு வெளியே போய் எர்த் குழி எங்கே என்று கேளுங்கள். தண்ணீர் ஊற்றும் புனலும் சிமென்ட் மூடியும் தெரிய வேண்டும். காம்பவுண்டில் பேவர் பிளாக் பதித்தபோது குழியை மூடிவிட்டார்கள் என்ற பதிலை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன்.

6. மெக்கர் சோதனை. இதை எலெக்ட்ரீஷியன்தான் செய்ய வேண்டும். டி.வி., ஃபிரிட்ஜ், எல்.இ.டி. விளக்கு எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, மின்சாரத்தைத் துண்டித்து, 500 வோல்ட் மெக்கரால் ஒவ்வொரு லைனின் இன்சுலேஷனையும் அளப்பார். 1 மெகா ஓமுக்குக் கீழே வந்தால் அந்த ஒயருக்கு ஆயுள் முடிந்தது. தேக்குச் சட்டத்தில் கிளிப் அடித்த ரப்பர் ஒயர் இருந்தால் மெக்கரே தேவையில்லை. ரப்பர் தொட்டால் பொடியாக உதிரும், பேசாமல் மாற்றுங்கள்.

7. அரை மணி நேர லோடு சோதனை. கீசர், ஏ.சி., மோட்டார், இருக்கும் பெரிய சாமான் எல்லாவற்றையும் ஒன்றாகப் போடுங்கள். அரை மணி கழித்து பிளக் மூடிகளைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை, கையை இழுத்துக்கொள்ளும் சூடு என்றால் உடனே அணையுங்கள். மீன் கெட்டது போன்ற நாற்றம் வந்தாலும் அப்படியே, அது பிளாஸ்டிக் வேகும் வாசனை. டி.பி. பாக்ஸில் இருக்கும் வோல்ட்டுக்கும் கடைசி அறை பிளக்கில் இருக்கும் வோல்ட்டுக்கும் 11-க்கு மேல் வித்தியாசம் இருந்தால் நடுவில் எங்கோ ஒயர் மெல்லியது, அல்லது ஓர் ஒட்டு தளர்ந்திருக்கிறது.

*குறிப்பு:* மூன்று ஃபேஸ் வீடுகளில் ஃபேஸ் சேஞ்சர் இருக்கும். ஒரு ஃபேஸ் போனதும் எல்லாவற்றையும் இருக்கிற ஒன்றுக்குத் திருப்பிவிடுவது நம் ஊர்ப் பழக்கம். அப்போது மூன்று லைனின் சுமையும் ஒரே நியூட்ரலில் கூடுகிறது. அந்த நியூட்ரல் பழைய ஒயர் என்றால் ஃபேஸ் சேஞ்சரைத் திருப்பும்போது ஏ.சி.யையும் கீசரையும் அணைத்துவிடுங்கள்.

வருகிற தண்ணீர்

சம்பிலிருந்து தொடங்குங்கள்: சம்ப், மோட்டார், மேல் தொட்டி, இறங்கும் குழாய், டேப். முதல் நாள் காலை, யாரும் டேப்பைத் திறக்கும் முன் போய்விடுங்கள். முதலில் வரும் ஒரு டம்ளர் தண்ணீர் பழுப்பாக இருந்தால் சுவருக்குள் எங்கோ ஜி.ஐ. குழாய் இன்னும் இருக்கிறது என்று அர்த்தம், டேப் எவ்வளவு புதுசாக இருந்தாலும்.

1. பக்கெட் சோதனை. தொட்டி நிறைந்திருக்கும்போது ஒவ்வொரு டேப்பிலும் 10 லிட்டர் பக்கெட் நிறைய எத்தனை நொடி என்று குறியுங்கள். ஒரு நிமிஷத்துக்குள் நிறைந்தால் நல்லது. இரண்டு நிமிஷம் தாண்டினால், அரை இஞ்ச் ஜி.ஐ. குழாய் துருவால் பென்சில் துளை அளவுக்குச் சுருங்கியிருக்கலாம். பிறகு அதே டேப் ஓடும்போது மேலே ஃப்ளஷ் பண்ணச் சொல்லுங்கள். ஓட்டம் பாதியாக விழுந்தால் இரண்டும் ஒரே பழைய குழாயில் தொங்குகின்றன.

விலை உயர்ந்த மழை ஷவரைப் பார்த்து மயங்காதீர்கள். தொட்டியின் தண்ணீர் மட்டம் ஷவருக்கு 10 அடி மேலே இருந்தால் கிடைக்கும் அழுத்தம் 0.3 கிலோதான். அந்த ஷவருக்கு அது போதாது. பிரஷர் பம்ப் போட வேண்டும். பம்ப் போட்டால் பழைய குழாய் தாங்குமா என்ற கேள்வி வரும். ஒட்டு அங்கேதான் விட்டுப்போகும்.

2. குழாயின் நிறம் பாருங்கள். வெந்நீர்க் குழாய் வெளியே தெரியும் இடத்தில், கீசருக்கு அடியில், மங்கிய மஞ்சள் நிறத்தில் இருந்தால் சி.பி.வி.சி.; அது வெந்நீருக்கானது. சாதாரண பி.வி.சி. 60 டிகிரிக்கு மேல் இளகிவிடும். கீசருக்கு மேலும் கீழும் ஓரடி மட்டும் சி.பி.வி.சி. காட்டிவிட்டுச் சுவருக்குள் பி.வி.சி. விட்டவர்களும் உண்டு. இன்னொரு முனை ஷவர் மிக்ஸர்; அதன் மூடியைத் தள்ளி டார்ச் அடித்துப் பாருங்கள். கீசரின் சேஃப்டி வால்வு சொட்டுகிறது என்று யாராவது அதை அடைத்திருந்தால் அந்தக் கீசரைப் போடவே கூடாது. அழுத்தம் வெளியேற வழியில்லாமல் வெடிக்கும்.

3. ஜி.ஐ. குழாயோடு சேரும் ஒட்டு. பிளாஸ்டிக் திருகை இரும்புத் திருகில் ஏற்றினால் கொஞ்ச நாளில் கீறல் விடும். பித்தளைத் திருகு வைத்த ஃபிட்டிங் இருக்க வேண்டும். வெளியே தெரியும் இடங்களில் சணலும் வெள்ளைப் பெயின்ட்டும் பூசி, மேலே எம்-சீல் அப்பியிருந்தால் அங்கே ஏற்கெனவே ஒழுகியிருக்கிறது.

4. ஓர் இரவு தொட்டிச் சோதனை. தொட்டியை நிரப்புங்கள். எல்லா டேப்பையும் மூடுங்கள், ஃப்ளஷ் டேங்க்குகளின் ஆங்கிள் வால்வையும் மூடுங்கள். தொட்டியில் நீர்மட்டத்தைக் குறியுங்கள். காலையில் பாருங்கள். 1000 லிட்டர் தொட்டியின் குறுக்களவு ஏறத்தாழ 1.1 மீட்டர், அதில் 1 சென்டிமீட்டர் இறங்கினால் 9 முதல் 10 லிட்டர் போய்விட்டது. நொடிக்கு ஒரு சொட்டு என்றால்கூட ஒரு நாளைக்குச் சுமார் 20 லிட்டர். மட்டம் இறங்கியிருந்து, எந்த டேப்பும் சொட்டவில்லை என்றால் கசிவு சுவருக்குள்ளோ தரைக்குள்ளோ இருக்கிறது. அடுத்த இரவு தொட்டியின் ஒவ்வொரு கேட் வால்வாக மூடி எந்த லைன் என்று கண்டுபிடிக்கலாம்.

5. குடிநீர் லைனில் மோட்டார். தெருக் குடிநீர்க் குழாயில் நேராக மோட்டார் போட்டிருந்தால் அதைக் கழற்றச் சொல்லுங்கள். அது சட்டப்படி தவறு. அதைவிட முக்கியம், குழாயில் எங்காவது கீறல் இருந்தால் மோட்டார் இழுக்கும்போது பக்கத்துச் சாக்கடை நீரும் சேர்ந்து வரும். போர் தண்ணீர் லைனும் குடிநீர் லைனும் ஒரே குழாயில் சேருகின்றனவா என்றும் பாருங்கள். ஒரு வால்வை நம்பி இரண்டையும் சேர்த்திருப்பார்கள்.

போகிற தண்ணீர்

இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். ஒயரை இடிக்காமல் மாற்றலாம், நீர்க் குழாயை வெளிச்சுவரில் ஓட்டலாம். தரைக்குள் போன கழிவுக் குழாய் கெட்டால் புது டைல்ஸை உடைப்பதைத் தவிர வழி கிடையாது. அப்படியிருந்தும் வாங்க வருகிறவர்கள் டேப்பைத் திறந்து பார்க்கிறார்கள், தண்ணீர் எங்கே போகிறது என்று பார்ப்பதில்லை.

1. சேம்பர்களைக் கண்டுபிடியுங்கள். வீட்டைச் சுற்றி நடந்து மூடிகளை எண்ணுங்கள். பாத்ரூமுக்கு வெளியே சேம்பர் இல்லை என்றால் அது பேவர் பிளாக்குக்கு அடியில் புதைந்திருக்கிறது. மூடியைத் திறக்கும்போது குனிந்து மூச்சிழுக்காதீர்கள், அருகில் நெருப்பு வேண்டாம், குழந்தைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

2. சொட்டு நீலம். ஒரு பக்கெட் தண்ணீரில் பத்துச் சொட்டு நீலம் விட்டுக் கமோடில் ஊற்றி ஃப்ளஷ் பண்ணுங்கள். ஒருவர் சேம்பரில் பார்த்துக்கொண்டிருக்கட்டும். நீலம் ஒரே மூச்சாக வந்து தெளிந்தால் குழாய் நன்றாக இருக்கிறது. மெதுவாக, நீண்ட நேரம் வெளிறி வெளிறி வந்தால் வாட்டம் இல்லை, அல்லது நடுவே அடைப்பு. வரவேயில்லை என்றால் வேறு சேம்பருக்குப் போகிறது, அல்லது மண்ணுக்குள் போகிறது. பத்து நிமிஷம் இடைவெளி விட்டு வாஷ்பேசின், சிங்க், குளியல் தரை என்று ஒவ்வொன்றாகச் செய்யுங்கள். நாலு இஞ்ச் குழாய்க்கு 10 அடிக்கு 3 இஞ்ச் வாட்டம் என்பது நல்ல கணக்கு. புதுப்பிக்கும்போது கமோடை ‘வசதிக்காக’ எதிர்ச்சுவருக்கு மாற்றியிருந்தால் அந்த வாட்டம் கிடைத்திருக்குமா என்று அளந்து பாருங்கள்.

3. காதைக் கொடுங்கள். ஃப்ளஷ் பண்ணும்போது பக்கத்தில் தரையிலுள்ள நஹானி ட்ராப்பின் அருகே உட்கார்ந்து கேளுங்கள். களக் களக் என்று குமிழி விட்டால் காற்றுக் குழாய் அடைந்திருக்கிறது அல்லது வெட்டப்பட்டிருக்கிறது. மொட்டை மாடியில் தட்டோடு பதிக்கும்போது, இடைஞ்சல் என்று வென்ட் பைப்பை அறுத்து மூடிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். அப்போது இறங்கும் கழிவு ட்ராப்பில் இருக்கும் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு போகும். அந்த இரண்டு இஞ்ச் தண்ணீர்தான் சாக்கடை வாயு வீட்டுக்குள் வராமல் தடுப்பது. புது பாத்ரூமில் ஊதுபத்தியும் ரூம் ஸ்பிரேயும் அளவுக்கு மேல் மணந்தால் ட்ராப்பின் ஜல்லடையைத் தூக்கி டார்ச் அடித்துத் தண்ணீர் நிற்கிறதா பாருங்கள்.

4. தேக்கச் சோதனை. துணியைச் சுருட்டி ட்ராப்பை அடைத்து, தரையில் ஓர் இஞ்ச் தண்ணீர் கட்டுங்கள். சுவரில் சாக்பீஸால் மட்டம் குறியுங்கள். 24 மணி நேரம் விடுங்கள். மாடி பாத்ரூம் என்றால் கீழ் அறையின் கூரையைப் பாருங்கள். ஃபால்ஸ் சீலிங் இருந்தால் அதன் விளக்குத் துளை வழியாக உள்ளே பார்க்க வேண்டும். பாத்ரூமுக்கு நேர் கீழே மட்டும் புதிதாக ஃபால்ஸ் சீலிங் போட்டிருந்தால் அது எதை மறைக்கிறது என்று கேளுங்கள். மின்விளக்குக்கு மேல் ஈரம் தெரிந்தால் அந்த லைனை உடனே அணையுங்கள்.

5. தெரு மட்டம். சென்னையில் பல தெருக்களில் சாலையைப் போட்டுப் போட்டு உயர்த்தியதில் பழைய வீடுகள் பள்ளமாகிவிட்டன. தெருவிலுள்ள பாதாளச் சாக்கடை மூடியைவிட உங்கள் கீழ்த்தளக் கழிப்பறைத் தரை தாழ்வாக இருந்தால், கனமழையில் சாக்கடை எதிர்த்து வரும். எவ்வளவு நல்ல டைல்ஸும் அதைத் தடுக்காது. கடைசி சேம்பரில் எதிரோட்டத் தடுப்பு வால்வு இருக்கிறதா பாருங்கள்.

6. மழைநீர். தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். பழைய வீட்டில் அன்று தோண்டிய குழி இருக்கும். புதுப்பித்தபோது மொட்டை மாடிக் குழாயைக் கழிவுநீர் சேம்பரில் விட்டிருப்பார்கள். மாடியில் நான்கு பக்கெட் ஊற்றி எங்கே வருகிறது என்று பாருங்கள். அந்தக் குழாய் சாம்பல் நிற ஆஸ்பெஸ்டாஸ் என்றால் அறுக்கவோ உடைக்கவோ வேண்டாம்; அதன் தூசி நுரையீரலுக்கு ஆபத்து.

எச்சரிக்கை: செப்டிக் டேங்க்கிலோ ஆழமான சேம்பரிலோ நீங்கள் இறங்காதீர்கள், யாரையும் இறக்காதீர்கள். ‘அஞ்சு நிமிஷ வேலை, நான் பார்த்துக்கறேன்’ என்று ஒருவர் தானே முன்வந்தாலும் வேண்டாம். உள்ளே இருக்கும் வாயு கூப்பிடக்கூட நேரம் தராது. இப்படி ஆளை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. உறிஞ்சு லாரி வந்து எடுக்கட்டும். நாள்பட மூடிக்கிடந்த சம்புக்கும் இதே விதி.

மோட்டார், ஏ.சி., காஸ், லிஃப்ட்

இவை பெரும்பாலும் மாற்றிவிடக்கூடிய சாமான்கள், அதனால் சுருக்கமாகப் பார்த்தால் போதும்.

மோட்டாரைப் போட்டு எத்தனை நிமிஷத்தில் தொட்டி நிறைகிறது என்று குறியுங்கள். அணைத்ததும் தண்ணீர் திரும்பி இறங்கும் சத்தம் கேட்டால் நான்-ரிட்டர்ன் வால்வு போய்விட்டது. மோட்டாரின் உடம்புக்கு எர்த் ஒயர் வருகிறதா என்பதைக் கட்டாயம் பாருங்கள்.

ஏ.சி.யின் வெளிப்பெட்டியில் உள்ள தகட்டில் வாயு எழுதியிருக்கும். ஆர்-22 என்றால் அது படிப்படியாக நிறுத்தப்பட்டு வரும் வாயு, அந்த ஏ.சி.க்கு மதிப்புப் போடாதீர்கள். ஆர்-32 தீப்பற்றும் தன்மை கொஞ்சம் உள்ளது, அதைத் தெரிந்த ஆள்தான் தொட வேண்டும். ஏ.சி. தண்ணீர்க் குழாய் எங்கே முடிகிறது என்று பாருங்கள். சாக்கடைக் குழாயில் நேராகச் சொருகியிருந்தால் படுக்கையறைக்கு நாற்றம் வரும்.

புது மாடுலர் சமையலறையில் சிலிண்டரை மேடைக்கு அடியில் அலமாரிக்குள் வைத்து மூடியிருப்பார்கள். சமையல் காஸ் காற்றைவிடக் கனமானது, தரையில் தேங்கும். அலமாரியின் அடிப்பகுதியில் காற்றுத் துளை இல்லை என்றால் குடியேறும் முன் போடச் சொல்லுங்கள். ரப்பர் குழாயில் அச்சிட்ட ஆண்டைப் பாருங்கள். ஐந்து ஆண்டு தாண்டினால் மாற்ற வேண்டும். ஜன்னல் இல்லாத பாத்ரூமில் காஸ் கீசர் இருந்தால் பேச்சே வேண்டாம், அதை எடுக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

லிஃப்ட் இருக்கும் கட்டடம் என்றால் உரிமத்தைக் கேளுங்கள். தமிழ்நாட்டில் 1997-ஆம் ஆண்டு லிஃப்ட் சட்டப்படி அது வேண்டும். பராமரிப்பு ஒப்பந்தம் நடப்பில் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நோட்டைப் பிரித்து முடிவு எடுப்பது

வீட்டுக்கு வந்ததும் எழுதியதை மூன்றாகப் பிரியுங்கள். குடியேறும் முன் முடிக்க வேண்டியவை: எர்த், ஆர்.சி.சி.பி., கருகிய ஒட்டு, பெரிய எம்.சி.பி., அடைத்த சேஃப்டி வால்வு, காஸ். விலையில் கழிக்க வேண்டியவை: பழைய ஜி.ஐ. குழாய், மீட்டர்–டி.பி. ஒயர், கசியும் பாத்ரூம், வாட்டமில்லாத கழிவுக் குழாய். பிறகு பார்க்கலாம் என்று விடக்கூடியவை: ஏ.சி., ஷவர், மோட்டார். இரண்டாவது பட்டியலுக்கு உங்கள் பிளம்பரிடமும் எலெக்ட்ரீஷியனிடமும் தனித்தனியாக எழுத்தில் மதிப்பீடு வாங்கி, அதை வைத்துப் பேரம் பேசுங்கள்.

வேலையைத் தொடங்கினால் வரிசை மாறக்கூடாது. முதலில் கழிவுக் குழாய், அடுத்து நீர்க் குழாய், அடுத்து ஒயருக்கான பைப், பிறகு தேக்கச் சோதனையும் குழாய் அழுத்தச் சோதனையும், அதற்குப் பிறகே பூச்சு, டைல்ஸ். மேஸ்திரி அவசரப்படுத்துவார், டைல்ஸ்காரர் ‘நாளைக்கு வேற சைட்’ என்பார். சோதனை முடியாமல் ஒரு டைல்ஸ்கூட ஒட்டவிடாதீர்கள். மூடும் முன் ஒவ்வொரு சுவரையும் டேப் வைத்து அளவு தெரியும்படி போட்டோ எடுத்து, தேதி போட்டு வையுங்கள்.

இவ்வளவுக்கும் உங்களுக்கு வேண்டியது இரண்டு பகலும் ஓர் இரவும். தொட்டிச் சோதனையும் தேக்கச் சோதனையும் ஒன்றாகவே முடிந்துவிடும்: முதல் நாள் பகலிலேயே தரையில் தண்ணீர் கட்டுங்கள், பிறகு தொட்டியை நிரப்பிக் குறி போடுங்கள். சாவியைக் கேளுங்கள். ஓர் இரவுக்குத் தர மறுத்தால் அட்வான்ஸ் கொடுக்காமல் திரும்பி வந்துவிடுங்கள்.